கன்ட்ரிப் பாட்டுக் கசெற்

இந்தக் கனடா நாட்டில் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டால், என் அகதி வழக்கை ஏற்றுக்கொண்ட அதிகாரியைச் சொல்வேன். முதல் குளிருக்கு ஜாக்கெட் தந்த தேவாலயத்தைச் சொல்வேன். மூன்றாவதாக, இங்கத்தைய வெள்ளைக்காரர் கிற்றாரோடு பாடும் நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரிப் பாட்டைச் சொல்வேன். மூன்றாவதைக் கேட்டதும் ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுடைய மனைவிமார் அவர்களிடம் வந்து சேர்ந்த விதம் வேறு, என் மனைவி என்னிடம் வந்து சேர்ந்த விதம் வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிறம்ரனில் கடித உறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. இயந்திரம் காகிதத்தை மடித்து, பசை பூசி, உறையாக வெளியே தள்ளும். நான் அவற்றைச் சேர்த்து அடுக்கிப் பெட்டியில் போட வேண்டும். எனக்கு எதிரே நின்று பெட்டிகளை ஒட்டி மூடியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். நாற்பது வயது இருக்கும். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகத் திட்டுவார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மேசை, மேசைக்கு மேலே ஒரு பழைய றேடியோ.

அந்த றேடியோவால் ஒரு காலத்தில் அடிபிடி வந்திருக்கிறது. அதனால் சுப்பவைசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கிழமையில் ஒரு நாள் ஒருவருக்கு. அவருடைய நாளில் அவர் வைத்ததுதான் பாட்டு, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டும். எனக்குச் செவ்வாய். எதிரே நின்ற பெண்மணிக்கு வியாழன். செவ்வாயில் நான் வீட்டிலிருந்து தமிழ்ப் படப் பாட்டுக் கசெற் கொண்டுபோய்ப் போடுவேன். வியாழனில் அவர் கன்ட்ரிப் பாட்டு நிலையத்தைத் திருப்பி வைப்பார்.

முதல் சில மாதங்கள் வியாழக்கிழமை என்றாலே எனக்குத் தலையிடி. கோயில் திருவிழாக்களில் நல்ல சங்கீதம் கேட்டு வளர்ந்த காது என்று எனக்கு ஒரு எடுப்பு. ஒரு ஆள் மூக்கால் பாடுகிறான், பின்னால் ஒரு கிற்றார் ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்து இழுத்து அழுகிறது, இதையும் ஒரு பாட்டென்று இவர்கள் கேட்கிறார்களே என்று எனக்குள் திட்டிக்கொண்டே உறை அடுக்குவேன். அவரும் சளைத்தவர் அல்ல. ஒரு செவ்வாயன்று என் பாட்டைக் கேட்டுவிட்டு, அந்த ஆள் இவ்வளவு நேரமாக என்னதான் சொல்கிறான் என்று கேட்டார். அவளுடைய முகம் நிலவு போல, கண் மீன் போல, நடை அன்னம் போல இருக்கிறதாம் என்றேன். அதெல்லாம் சரி, அவனுக்கு என்ன வேண்டுமாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதிலுக்கு றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. அப்போது என் ஆங்கிலம் படு மோசம். பஸ்சில் யாராவது ஏதாவது கேட்டால் சிரிப்பேன், சிரிக்கக் கூடாத கேள்விக்கும் சிரிப்பேன். பின்னேரம் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆசிரியை பேசுவது மட்டும் விளங்கும், வாசலைத் தாண்டினால் ஒன்றும் விளங்காது. அப்படியிருந்த எனக்கு அன்று றேடியோவில் பாடிய ஆளின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. மனைவி போய்விட்டாள். அவளுடைய குளிர்க் கோட்டு இன்னமும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒவ்வொரு மாரிக்கும் அதில் படிந்த தூசியைத் தட்டிவிட்டு, திரும்ப அங்கேயே கொழுவிவிடுகிறான். பிழை என்னுடையதுதான், நீ இல்லாத வீடு குளிர்கிறது என்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

என் கை நின்றுவிட்டது. இயந்திரம் நிற்குமா? அது பாட்டுக்கு உறைகளைத் தள்ள, அவை மேசை நிறைந்து நிலத்தில் சொரிந்தன. சுப்பவைசர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். எதிரே நின்றவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து உறைகளைப் பொறுக்கித் தந்தார். பசை மணம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வியாழக்கிழமைப் பசை கொஞ்சம் காரம்தான் என்றார் அவர்.

அந்தப் பாட்டு ஏன் என்னை அப்படிப் பிடித்தது என்பதற்குக் காரணம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. என் மனைவியின் கடிதம் வந்து அப்போது நாலு நாள்.

கல்யாணம் முடிந்து பத்தொன்பது நாள்தான் நாங்கள் ஒன்றாக இருந்தோம். பிறகு நான் வெளிக்கிட்டுவிட்டேன். மாமாவின், அதாவது அவளுடைய தகப்பனின், சைக்கிள் கரியரில் ஏறி இருந்து பஸ் எடுக்கப் போனேன். மாமாதான் மிதித்தார். அவள் வேலிப் படலையடியில் நின்றாள். பிறகு கொழும்பு, அதன் பிறகு எங்கெங்கோ, கடைசியில் ரொறன்ரோ. மூன்று வருடம் ஓடிப்போனது. எனக்கு வதிவிட உரிமை கிடைத்து, அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரங்களை அனுப்பியிருந்தேன். அவள் அவற்றை நிரப்பிக் கையெழுத்து வைத்து, கொழும்புக்கு இன்ரவியூவுக்கு வர வேண்டும். அதற்குப் பதிலாக இந்தக் கடிதம் வந்திருந்தது.

“உங்கட கடிதங்கள் கவுண்மேந்துக் கச்சேரியில இருந்து வாற கடிதம் மாதிரி இருக்கு. என்ன பத்திரம் எடுக்கவேணும், என்ன அளவில படம் பிடிக்கவேணும் எண்டு எல்லாம் எழுதியிருக்கிறீங்கள். நான் வாறது உங்களுக்கு விருப்பமோ எண்டு மட்டும் ஒரு இடத்திலயும் இல்லை. அண்டைக்குப் போகேக்கை நீங்கள் திரும்பியும் பாக்கேல்லை. யாரிட்ட வாறன் எண்டு தெரியாமல் இவ்வளவு தூரம் நான் எப்பிடி வாறது? ஃபோம் நிரப்பேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவனவன் மனைவிமார் எப்ப விசா வரும் எப்ப விசா வரும் என்று வழி பார்த்துக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் என்ன வந்தது? மூன்று பக்கத்துக்குச் சூடாக ஒரு பதில் எழுதினேன். நல்ல காலம், அனுப்பாமல் கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அவள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாள் முழுக்கக் கடித உறைகளோடு நிற்கிறவனுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. எங்கள் கடிதங்கள் ஒருவருக்கு எழுதப்படுவதில்லை, வீட்டுக்கு எழுதப்படுபவை. மாமா உடைப்பார், மாமி வாசிக்கச் சொல்லிக் கேட்பார், பக்கத்து வீட்டாரும் வந்து இருப்பார்கள். அதில் போய், உம்மை விட்டு என்னால் இருக்க முடியவில்லை என்று எழுதுவதா? என் தகப்பன் என் தாயிடம் அப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை, பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது, அந்தச் சொற்கள் என்னிடம் கைவசம் இல்லை.

பாட்டில் கோட்டு தொங்கிய வீட்டுக்காரனிடம் அவை இருந்தன. அவன் நிலவையும் கூப்பிடவில்லை, மேகத்தையும் தூது விடவில்லை. செய்த பிழையைச் சொன்னான், இப்போது எப்படி இருக்கிறது என்று சொன்னான், என்ன வேண்டும் என்று சொன்னான். அன்றிலிருந்து வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

அந்தப் பாட்டுகளை ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி பிடித்தது. பழைய சாமான் விற்கும் கடையில் பதிவு செய்யக்கூடிய ஒரு கசெற் றேடியோ வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு நிலையத்தில் பழைய கன்ட்ரிப் பாட்டுகள் போகும். ஒரு பாட்டைப் பதிவு செய்வேன், நிறுத்துவேன், அகராதி பார்ப்பேன், பிறகு கசெற்றில் அந்தப் பாட்டுக்குப் பின்னாலேயே என் குரலில் அதன் கருத்தைத் தமிழில் பேசிப் பதிவேன். பிறகு அடுத்த பாட்டு. இதுதான் என் ஆங்கிலப் படிப்பு. வகுப்பு ஆசிரியையிடம் சொன்னபோது நல்ல பயிற்சி என்றார்.

இதையெல்லாம் செய்ய இடம்தான் இல்லை. ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பாட்மென்றில் ஐந்து ஆண்கள். அதில் ஒருவர் எல்லாருக்கும் மூத்த அண்ணை. ஆள் நல்லவர், ஆனால் கேலி பகிடி என்று தொடங்கினால் அவரை மடக்க முடியாது. நான் முதல் நாள் கூடத்தில் இருந்து பேசிப் பதிந்தபோது, அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “தம்பிக்கு ஆரோ வெள்ளைக்காரி ஏமாத்திப்போட்டாள் போல” என்றார். அதற்குப் பிறகு உடுப்பு அலுமாரிதான் எனக்குத் தஞ்சம். சுவரோடு கட்டிய பெரிய அலுமாரி. ஐந்து பேரின் குளிர் ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் காலை மடக்கி இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் றேடியோவை வைத்துப் பேசுவேன். இருட்டும் புழுக்கமும். ஆனாலும் அங்கே இருக்கும்போது ஒரு நிம்மதி. சில ஞாயிறுகளில் பாட்டு முடிந்து, கருத்தும் சொல்லி முடிந்து, நிறுத்த மறந்து அப்படியே இருந்துவிடுவேன். கசெற் ரேப் ஓடி முடிந்து தானாக டக்கென்று நிற்கும்போதுதான் நினைவு வரும்.

இப்படி இருக்கும்போது அண்ணை தன் தாயைப் பார்க்கக் கொழும்புக்கு வெளிக்கிட்டார். என் மனைவியின் உறவுக்கார ஆசிரியர் ஒருவரும் அந்த நேரம் கொழும்பில் நின்றார், திரும்ப யாழ்ப்பாணம் போக இருந்தார். அவர் கையில் கொடுத்துவிட்டால் அவளிடம் சேர்ந்துவிடும். இதுதான் என் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். கடிதத்தை நம்பிப் பயனில்லை, கசெற்றில் பேசி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

அந்த நாட்களில் கசெற்றில் பேசி அனுப்புவது எல்லாரும் செய்ததுதான். அதற்கு ஒரு முறையும் இருந்தது. சண்டைக் காலம், வடக்கே போகிற வழியில் ஆமியின் சோதனைச் சாவடிகள். தமிழில் ஏதாவது எழுதிய கசெற் என்றால் பறித்துவிடுவார்கள். ஆகவே கசெற்றின் மேல் ஆங்கிலத்தில் பாட்டு என்று எழுதுவோம். முதலில் ஒரு ஆங்கிலப் பாட்டைப் பதிவோம். யாராவது போட்டுப் பார்த்தால் பாட்டுத்தான் கேட்கும். பாட்டு முடிந்த பிறகுதான் எங்கள் குரல் வரும். வாங்குகிற வீட்டுக்கும் இது தெரியும். அவர்கள் அந்தப் பாட்டு முடியும் வரைக்கும் பொறுமையாக இருப்பார்கள்.

அங்கே கேட்பதும் லேசான காரியம் இல்லை. சண்டையால் மின்சாரம் கிடையாது, தடைப் பொருள் என்று பற்றரியும் உள்ளே போக விடுவதில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறி இருந்து மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் போடுவார்கள். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். மிதிக்கிற வேகம் குறைந்தால் பேசுகிறவரின் குரல் இழுபட்டு, பூதம் பேசுகிற மாதிரி வரும்.

மாமாதான் மிதிப்பார் என்று எனக்குத் தெரியும். கோயில் பரிபாலன சபையில் இருந்த மனுசன், பொல்லாத கண்டிப்பு. அவர் மிதிக்க, மாமி கேட்க, அவள் மூலையில் நிற்பாள். அதை மனதில் வைத்து நாலு பக்கத்துக்கு எழுதி, வாசித்துப் பதிந்தேன். அன்புள்ள மாமா, மாமி மற்றும் அனைவருக்கும் என்று தொடங்கி, சுகம் விசாரித்து, பத்திரங்களைப் பற்றிச் சொல்லி, கடைசியில் அவளுக்கென்று ஒரேயொரு வரி: நீர் இங்கு வருவதையே நான் விரும்புகிறேன். அந்த ஒரு வரியை எழுத மூன்று பின்னேரம் பிடித்தது. போட்டுக் கேட்டபோது செய்தி வாசிக்கிற மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேனே என்று ஆறுதல். மேலே ஆங்கிலத்தில் கன்ட்ரிப் பாட்டு என்று எழுதி அண்ணையின் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேயேதான் என் றேடியோவும் பயிற்சிக் கசெற்றும் கிடந்தன.

அண்ணை போய் ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வழமை போல அலுமாரிக்குள் ஏறி, கன்ட்ரிப் பாட்டு என்று எழுதியிருந்த என் பயிற்சிக் கசெற்றைப் போட்டேன். ஒரு பாட்டு போனது. பிறகு என் குரல் வந்தது: “அன்புள்ள மாமா, மாமி மற்றும் அனைவருக்கும்...”

அவசரமாக நிறுத்திவிட்டு, கசெற்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிக் கசெற், இரண்டின் மேலும் என் கையெழுத்தில் ஒரே தலைப்பு. ஆமிக்காரனை ஏமாற்ற எழுதியதில் அண்ணை ஏமாந்துவிட்டார். பயிற்சிக் கசெற்தான் போயிருக்கிறது. அதிலும் பாட்டு வரும், பாட்டுக்குப் பிறகு என் குரல் வரும். அங்கே அதைக் கடிதம் என்றுதான் நினைப்பார்கள்.

அதில் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பிழை முழுக்க என்னில்தான், நீ இல்லாத வீடு குளிருது. சரி, அது பரவாயில்லை. என்ர லொறியை வித்துப்போட்டு உன்னட்ட வாறன். உன்ர நாயும் வாசலுக்கு வாறதை விட்டிட்டுது. ஒரு போத்தல் விஸ்கி முழுக்கக் குடிச்சும் உன்ர முகம் மறையேல்லை. சிவசிவா! மாமா சைக்கிளில் இருந்து மிதித்து மிதித்து இதைக் கேட்கப் போகிறார்.

கொழும்பில் அண்ணை தங்கியிருந்த லொட்ஜுக்குப் பேயாய் அலைந்து தொலைபேசி எடுத்தேன். அவர் நிதானமாக, “அது இப்ப யாழ்ப்பாணக் கடலேரி தாண்டியிருக்கும் தம்பி. வாத்தியார் முந்தநாள் வெளிக்கிட்டிட்டார்” என்றார். பிறகு, அப்படி என்னடா அதில் இருக்கு என்று கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிறகு நான் இருந்த இருப்பை எதிரிக்கும் விரும்ப மாட்டேன். விளக்கி ஒரு கடிதம் போட்டேன், அது போய்ச் சேராது என்று தெரிந்தே போட்டேன். அந்த நாட்களில் பத்துக் கடிதம் போட்டால் மூன்று சேரும். உறை அடுக்கும்போது கை தன்பாட்டில் அடுக்கும், மனம் மாமாவின் முற்றத்தில் நிற்கும். குடிகாரன், லொறி ஓடுகிறவன், யாரோ ஒரு பெண்ணை விட்டுவிட்டு வந்தவன் என்றுதான் மாமா என்னை நினைத்திருப்பார். இனி அவள் வர நினைத்தாலும் அவர் விடமாட்டார். வியாழக்கிழமைகளில் அந்தப் பாட்டுகளைக் கேட்கவே ஆத்திரமாக வந்தது.

நாலு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. வாசலில் நின்றபடியே உடைத்தேன்.

“கசெற் கிடைச்சுது. எல்லாரும் இருந்து கேட்டம். அப்பா பாதியில சைக்கிளை விட்டு இறங்கிப் போட்டார். மிச்சத்தை நான் மிதிச்சுக் கேட்டன். ஃபோம் நிரப்பிக் கொழும்புக்குக் குடுத்து விட்டிருக்கு. படமும் நீங்கள் சொன்ன அளவில பிடிச்சிருக்கு.”

அவ்வளவுதான் கடிதம். ஐந்து பேருக்கும் அன்று நான் கோழி வாங்கிச் சமைத்தேன். ஆனால் சாப்பிட இருக்கும்போதே மனதுக்குள் ஒரு முள் குத்தத் தொடங்கியது. அவள் யாரிடம் வருகிறாள்? அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. யாரோ மூக்கால் பாடியவனின் சொற்களை நம்பி ஒருத்தி கடலேரி தாண்டி, விமானம் ஏறி வரப்போகிறாள். இங்கே வந்து பார்த்தால் கச்சேரிக் கடிதக்காரன் நிற்பான்.

இதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான், மேசைக்கு எதிரே நின்றவரிடம். என் உடைந்த ஆங்கிலத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கசெற் மாறியதிலிருந்து முழுவதையும் சொன்னேன். விஸ்கிப் பாட்டுக் கட்டம் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவருடைய புருசன் விட்டுப் போய் ஆறு வருடமாம். இவ்வளவு காலமும் அவருக்கும் சொந்தமாக ஒரு சொல் கிடைக்கவில்லையாம், வியாழக்கிழமைகளில் சேர்ந்து பாடித்தான் மனம் ஆறுகிறதாம். பாட்டு எழுதினவன் தனக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் றேடியோவில் ஏன் விட்டான், நீ எடுத்ததில் தப்பில்லை, ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றார். அவருக்கு நான் அப்போது ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அடுத்த செவ்வாயில் என் நாளை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அதைவிடப் பெரிய மரியாதை அந்த மேசையில் கிடையாது.

அடுத்த வருடம் மார்கழியில் அவள் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் என்னைக் கண்டு, மெலிந்துபோனீங்கள் என்றாள். நான் ஜாக்கெட்டை நீட்டினேன். நாங்கள் இருவருமாக ஒரு படுக்கையறை வீடு எடுத்துப் போனோம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். இன்று வேண்டாம், களைத்திருக்கிறாள். நாளைக்கு வேண்டாம், தடிமன் பிடித்திருக்கிறது. இப்படியே ஒரு மாதம் போய்விட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். றேடியோவில் கோட்டுக்காரன் பாட்டு வந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் அவள் கத்தியை வைத்துவிட்டு, அந்த மெட்டைச் சொல் இல்லாமல் முணுமுணுக்கத் தொடங்கினாள். ஒரு சுரம் தவறவில்லை. எத்தனை தரம் கேட்டிருந்தால் அப்படி வரும்!

இனிமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அது உமக்கென்று பதிந்த கசெற் இல்லை, நான் ஆங்கிலம் படிக்கப் பேசியது, அதில் இருந்ததெல்லாம் பாட்டுக்காரர்கள் சொன்னது, நான் சொன்னது இல்லை, என்னை மன்னியும் என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் அவள். “லொறி எண்டவுடன விளங்கிச்சுது. உங்களுக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓடத் தெரியாது. அப்பா தான் பாவம், நீங்கள் விஸ்கி குடிக்கிறீங்கள் எண்டு இண்டைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.”

தெரிந்துகொண்டுமா ஃபோம் நிரப்பினாள்? பிறகு ஏன் வந்தீர் என்று கேட்டேன்.

அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அறைக்குள் போனாள். தன் சூட்கேசிலிருந்து அந்தக் கசெற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். மேலே நான் எழுதிய எழுத்து பாதி அழிந்திருந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு ஓட விட்டுப் போட்டாள். ஒரு பாட்டு முடிந்துகொண்டிருந்தது. ஒருவன் காரில் வீட்டை விட்டுப் போகிறான், வளைவு வரும் வரைக்கும் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வீட்டைப் பார்த்துக்கொண்டே போகிறான் என்ற பாட்டு. பிறகு என் குரல் அதன் கருத்தைச் சொன்னது. பிறகு ஒன்றும் இல்லை. ஜாக்கெட் கொழுவிகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மட்டும். நிறுத்த மறந்து இருந்த ஞாயிறுகளில் ஒன்று அது.

பிறகு திரும்பவும் என் குரல். மெதுவாக, யாருக்கும் இல்லாமல்.

“எனக்குக் கண்ணாடி இருக்கேல்லை. மாமான்ர முதுகு தான் முன்னால இருந்தது. திரும்பியிருந்தால் கரியரில இருந்து குதிச்சிருப்பன். போயிருக்க மாட்டன். அதுதான் திரும்பேல்லை. இதைக்கூட அவவுக்கு எழுதத் தெரியாத விசரன் நான்.”

டக்கென்று ரேப் நின்றது.

அதை நான் வாய்விட்டுச் சொன்னேன் என்றே எனக்குத் தெரியாது. மனதுக்குள் நினைத்ததாகத்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். அந்தக் கண்ணாடிக்காரன் பாடியிருக்காவிட்டால் அந்த நாலு வரியும் எனக்குள்ளேயே கிடந்து மக்கிப்போயிருக்கும். அவன் யார், எந்த ஊர், எனக்குத் தெரியாது. அவன் நன்றாக இருக்கட்டும்.

அவள் அன்றைய கதையைச் சொன்னாள். மாமா விஸ்கிக் கட்டம் வந்ததோடு இறங்கிப் போய்விட்டார், மாமியும் எழும்பிவிட்டார். அவள் சைக்கிளைக் குசினிக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய், தனியே ஏறி இருந்து மிதித்துக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறாள். பிறகு ஃபோம் நிரப்பியிருக்கிறாள். விசா வரும் வரைக்கும் பின்னேரங்களில் அந்தக் கடைசித் துண்டை மட்டும் போட்டுக் கேட்டிருக்கிறாள். என்னைக் கரியரில் ஏற்றிப் போன அதே சைக்கிள்.

அழுதீரோ என்று கேட்டேன்.

“அழ ஏலாது” என்றாள். “அழ வெளிக்கிட்டால் கால் தளரும். கால் தளர்ந்தால் உங்கட குரல் நிண்டிடும். அதால அழாமல் மிதிச்சன்.”